மலைநாட்டில் பைன் மரம்: பெட்டிப் பலகையும் நீரூற்றும்

சிவனொளிபாத மலைக்கு ஹட்டன் வழியாகச் செல்லும் யாத்திரிகர் வாகனத்தை விட்டிறங்கிக் கால்நடையாகப் புறப்படும் இடம் நல்லதண்ணி. எளிய தமிழ்ச் சொற்கள் இரண்டின் சேர்க்கையான இவ்வூர்ப்பெயரைச் சிங்கள மக்களும் 'நல்லதண்ணிய' என ஏற்று வழங்குகின்றனர். ஆங்கிலேயத் துரைமார் விட்டுச்சென்ற 'டல்ஹவுசி' என்னும் பெயரும் அயலிலே நிலைத்திருக்கிறது. மார்கழி மாதத்துப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரையும் இங்கு மக்கள் வெள்ளம் ஓயாது. ஏனைய மாதங்களில் மழையும் மூடுபனியும் தேயிலைக் கொழுந்தும் தவிர வேறு பேச்சில்லை. ஊர் ஒன்று தன் நீரினாற் பெயர் பெற்றிருக்கின்றதெனின், அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்னும் கேள்வியும் உடன் பிறந்துவிடுகின்றது. மஸ்கெலியாப் பள்ளத்தாக்கின் சரிவுகளை அண்ணாந்து நோக்குவோர்க்கு விடை ஓரளவு தெரியும். உச்சியை அண்டிய பகுதியில் இருண்ட இயற்கைக் காடு; அதன் கீழே வெட்டிச் சமன்செய்த கம்பளம்போலத் தேயிலை; தேயிலைக்கு ஒவ்வாத மேடுகளிலும் கைவிடப்பட்ட நிலங்களிலும் நேர்நிரையாக நிற்கும் அந்நிய மரங்கள். இம்மூன்றாவது வகையைச் சேர்ந்த பைன் மரத்தின் வரலாறு, மலைநாட்டின் நிலத்துக்கும் மரத்துக்கும் உழைப்புக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டாக நிலவிவந்த தொடர்பை விளக்குவதற்கு நல்லதொரு திறவுகோலாகும்.

இலங்கையின் இயற்கைக் காடுகளில் ஊசியிலை மரம் எதுவுமில்லை என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் அவ்வினத்தைச் சேர்ந்த தனியொரு மரம் இயல்பாக வளர்கின்றது; இலங்கையில் அதுவுமில்லை. தேவதாரு என்ற பெயர் தமிழ் மரபுக்குப் பழக்கமானதே. தாருகாவனத்துக் கதையைக் கேளாத சைவர் இரார். எனினும் அப்பெயர் சுட்டும் இமயத்து மரத்தைத் தென்னாட்டாரும் ஈழத்தாரும் கண்ணாற் கண்டறிந்தது அரிது. நல்லதண்ணிக்கு மேலுள்ள காட்டில் இயல்பாக ஓங்கி நின்றவை டூன் எனச் சிங்களத்தில் வழங்கும் மரங்களும் கீன மரங்களுமே. டூன் இன மரங்களின் பட்டையிலிருந்து கசியும் பிசின் குங்கிலிய வகையைச் சார்ந்தது. கோயிலிற் புகைப்பதற்கும் தோணியின் இடைவெளிகளை அடைப்பதற்கும் இத்தகைய பிசின்களை இந்நாட்டு மக்கள் தொன்றுதொட்டே பயன்படுத்தி வந்தனர். பிசின் தரும் மரம் வேண்டுமென்று கடல் கடந்து தேடவேண்டிய வறுமை இத்தீவின் காடுகளுக்கு இருக்கவில்லை.

அக்காடுகள் அழிந்த கதை பலகாலும் எழுதப்பட்டுள்ளமையால் இங்குச் சுருக்கமே போதும். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச்சட்டம், உறுதியின்றி வைத்திருந்த காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையெனக் கொண்டு, அவற்றைத் தோட்டக்காரருக்கு விற்பதற்கு வழிவகுத்தது. கோப்பி மலையேறிற்று. திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகள் கோப்பி யுகத்தின் பிற்பகுதியிலேயே திறக்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் பரவிக்கொண்டிருந்த காலத்திலும் புதிய காடுகள் வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தன என்பது வியப்புக்குரியது. 1870களின் இறுதியிற் கோப்பிப் பயிர் ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரை எட்டியபின்னரே வீழ்ச்சியுற்றது. இடையே 1873 இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரான ஜோசப் டால்டன் ஹூக்கர், மலையுச்சிக் காடுகளை அழித்தால் மழையும் நீரோட்டமும் கெடுமென எச்சரித்தார். அதன் விளைவாக 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பதும் வெட்டுவதும் தடுக்கப்பட்டன. 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாத மலையின் தோள்களில் இன்றும் காடு எஞ்சியிருப்பதற்கு இத்தடையும் ஒரு காரணம். 1940 இல் அக்காடு சரணாலயமாக்கப்பட்டதும், 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தொகுதியிற் சேர்க்கப்பட்டதும் அத்தடையின் மேல் எழுந்தவையே. நல்லதண்ணியின் ஊற்றுகள் ஓர் எல்லைக்கோட்டுக்குக் கடமைப்பட்டுள்ளன எனின் அது மிகையன்று.

கோப்பியின் இடத்துக்குத் தேயிலை வந்தபோது மரத்தின் தேவை குறையவில்லை; தன்மைதான் மாறிற்று. கோப்பியைச் சாக்கிலே கட்டி அனுப்பலாம். தேயிலையோ ஈரத்தையும் அயல் வாடையையும் உடனே உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. நீண்ட கடற்பயணத்தைத் தாங்க வேண்டுமாயின் அதற்கு ஈயத்தகடு உள்ளிட்ட மரப்பெட்டி இன்றியமையாதது. பெட்டிப் பலகை இலேசானதாகவும் ஆணி அடிக்கையிற் பிளவாததாகவும் மணமற்றதாகவும், யாவற்றுக்கும் மேலாக நன்கு காய்ந்ததாகவும் இருத்தல் வேண்டும். பச்சைப் பலகையின் ஈரமும் அதிலுள்ள அமிலங்களும் ஈயத்தை அரித்துத் தேயிலையைக் கெடுத்துவிடும். பெட்டிகளின் நிறை ஒரே சீராக இல்லையெனின் இலண்டன் சுங்கத்திலே அவற்றைத் திறந்து நிறுக்கும் வீண்செலவு நேரும். தோட்டத்துத் தச்சர்கள் உள்ளூர் மரத்திற் பெட்டி செய்யாமலில்லை. எனினும் வெட்டிய காட்டின் பெரும்பகுதியை நின்ற இடத்திலேயே தீயிட்டுப் பொசுக்கிய தோட்ட முறைமை, நல்ல பலகையை அறுத்துக் காயவைத்துச் சேமிக்கும் பொறுமையைக் கற்றிருக்கவில்லை.

இதன் பயனாக நிகழ்ந்தது ஒரு விந்தை. காடுகளுக்குப் பேர்போன இத்தீவு, தன் தேயிலையை அனுப்புவதற்கு யப்பானிலிருந்து பெட்டி வரவழைத்தது. மோமி என யப்பானியர் வழங்கும் மரத்தின் பலகைகள் அளவாக அறுக்கப்பட்டுக் கட்டுக்கட்டாகக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கின. இலேசான, வெண்மையான, மணமற்ற அப்பலகை துரைமார் வேண்டிய இலக்கணங்கள் யாவற்றுக்கும் பொருந்திற்று. மோமி என்பது பைன் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலை மரமாகும். ஆகவே அக்குடும்பம் மலைநாட்டின் சரிவுகளிற் காடாக எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே, தேயிலைப் பெட்டியாகத் தோட்டத்து ஸ்டோர்களுக்குள் புகுந்துவிட்டது.

1900 ஆம் ஆண்டளவில் இலங்கையின் தேயிலை ஏற்றுமதி பதினைந்து கோடி இறாத்தலை அண்மித்தது. பெட்டியொன்றுக்கு நூறு இறாத்தல் எனக் கொண்டால், ஆண்டொன்றுக்குப் பதினைந்து இலட்சம் அளவிலான பெட்டிகள் தேவைப்பட்டிருக்கும் எனக் கணக்கிடலாம். அப்பெட்டிகள் வெறுமையாக மலையேறின, நிறைந்து மலையிறங்கின. 1874 இல் புகையிரதம் நாவலப்பிட்டியை அடைந்தது. 1884 இல் ஹட்டனுக்கு வந்தது. அதன் பின்னர் மஸ்கெலியாவின் பெட்டிகள் மாட்டுவண்டியில் ஹட்டன் நிலையம் வரை சென்றால் போதுமானதாயிற்று. இப்போக்குவரத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பெட்டியைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் மூலம் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே. தேயிலையின் வரலாற்றை எழுதுவோர் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையைக் காட்டுவர்; பெட்டி சுமந்தவனின் முதுகைக் காட்டுவோர் சிலரே.

மோமிப் பெட்டியின் ஆட்சி நெடிது நீடிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உருசியப் பேரரசின்கீழ் இருந்த எஸ்தோனியாவின் ரேவால் நகரத்து லூத்தர் தொழிற்சாலை, பேர்ச்சு மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஈரந்தாங்கும் பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகையைச் செய்யலாயிற்று. இலண்டனில் வெனஸ்டா என்ற வணிகப் பெயரில் விற்பனையான அப்பலகைப் பெட்டிகள் தேயிலை நாடுகள் யாவற்றிலும் பரவின. விளிம்புகளில் தகரப் பட்டி அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டியே பின்னர் உலகெங்கும் 'தேயிலைப் பெட்டி' எனும் சொல்லுக்குரிய உருவமாயிற்று. வீடு மாறும் ஆங்கிலேயர் பாத்திரம் பண்டங்களை அடைப்பதற்கு அதனையே நாடினர். 1950களில் அந்நாட்டு இளைஞர் அதிலே ஒரு கோலையும் கயிற்றையும் பொருத்தி இசைக்கருவியாக்கினர். இலங்கை மலையில் ஆணி அறைந்து மூடப்பட்ட பெட்டியொன்று இத்தகைய மறுபிறவி எடுத்தமை சற்றே புன்முறுவலை வருவிக்கும் செய்தியாகும்.

ஆயினும் பால்டிக் கடலோரத்தை நம்பிய வணிகம் போர்க்காலத்துக்கு ஏற்றதன்று. இரண்டாம் உலகப் போர் கப்பல் வழிகளை அடைத்தபோது, காலிக்கு அண்மையில் கிந்தோட்டையில் 1941 இல் அரசாங்க ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. தேயிலைப் பெட்டியை இனி நாட்டு மரத்திலேயே செய்வது என்பது சுதந்திரத்துக்குப் பின்னரும் பெருமைக்குரிய தேசியக் கொள்கையாக விளங்கிற்று. அப்பெருமைக்கான விலையைத் தென்மேற்கின் மழைக்காடுகள் செலுத்தவேண்டியதாயிற்று. கொஸ்கமவில் அமைக்கப்பட்ட புதிய ஒட்டுப்பலகை ஆலைக்கு மரம் வழங்கும்பொருட்டு 1970களின் முற்பகுதியிற் சிங்கராஜ வனத்தினுள் இயந்திரங்கள் புகுந்தன. அறிவியலாளரும் பொதுமக்களும் எழுப்பிய எதிர்ப்பு வலுப்பெற்று, 1977 இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. இலங்கையிற் காட்டைக் காக்க எழுந்த வெகுசன இயக்கங்களுள் முதன்மையான ஒன்று, தேயிலைப் பெட்டியோடு தொடர்புடைய ஆலையொன்றின் காரணமாக எழுந்தது என்பதைத் தேயிலை வரலாற்றாசிரியர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சிங்கராஜ வனம் 1988 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

பைன் இவ்வரலாற்றில் மரமாகப் பெருமளவில் தோன்றுவது இக்கட்டத்திலேதான். வனத் திணைக்களம் அதற்கு முன்னரே பல அந்நிய மரங்களைப் பரீட்சித்திருந்தது. யூக்கலிப்டசும் அக்கேசியாவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. தேயிலைக்கு நிழலாகவும் காற்றுக்கு வேலியாகவும் சில்வர் ஓக் எனப்படும் கிரவிலியா தோட்டமெங்கும் நடப்பட்டது. பைன் எளிதில் இசையவில்லை. அதன் வேரோடு கூடி வாழ்ந்து மண்ணின் சத்தை உறிஞ்சிக் கொடுக்கும் பூஞ்சண வகைகள் வெப்பவலய மண்ணில் இயல்பாக இருப்பதில்லையாதலால், நாற்றுமேடைக்கு முன்னைய பைன் காட்டின் மண்ணையே கொணர்ந்து கலத்தல் வேண்டும். இவ்வுண்மை தெரிந்தபின் வெப்பவலய நாடுகள் பலவற்றில் பைன் விரைந்து பரவிற்று. மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கரிபியப் பைன் தாழ்ந்த, இடைநிலை மலைகளுக்கும், மெக்சிக்கோவின் பட்டூலாப் பைன் உயர்ந்த மலைகளுக்கும் ஏற்றவையெனக் கொள்ளப்பட்டன.

வேறு மரம் பிழைக்காத வறண்ட பத்தனாப் புல்நிலத்திலும் மண்ணரித்துக் கல்லெழுந்த பழந்தேயிலை நிலத்திலும் பைன் பிழைத்தது. ஆடுமாடு அதன் நாற்றைக் கடிப்பதில்லை. ஆண்டுதோறும் புல்லுக்கு இடப்படும் தீயையும் வளர்ந்த மரத்தின் தடித்த பட்டை தாங்கிக்கொள்ளும். இக்குணங்களே 1970களின் பிற்பகுதியில் அதற்கு அரச வரவேற்பைத் தேடித்தந்தன. அக்காலத்தில் மகாவலித் திட்டம் துரிதப்படுத்தப்பட்டிருந்தது. பொல்கொல்லை அணைக்கட்டு 1976 இல் முடிவுற்றது. கொத்மலையும் விக்டோரியாவும் 1980களின் நடுப்பகுதியிற் பூர்த்தியாயின. கோடிக்கணக்கான பணத்தில் எழும் நீர்த்தேக்கங்களைக் கழுவிவரும் மண் நிரப்பிவிடலாகாது என்ற அச்சத்தினால், நீரேந்து நிலங்களை விரைவில் மரத்தால் மூடவேண்டுமென்ற அவசரம் பிறந்தது. அமெரிக்க உதவியுடன் நீரேந்து நிலக் காடாக்கத் திட்டமும், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் சமுதாயக் காடாக்கத் திட்டமும் அத்தசாப்தத்தில் நடைபெற்றன. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு மேலே உயரும் ஹந்தானை மலையின் பைன் நிரைகள் அக்காலக் காடாக்கத்தின் கண்கூடான சான்றுகள். விரிவுரை மண்டபத்துச் சாளரத்தினூடாக அவற்றை நோக்கும் மாணவர், இயற்கைக் காடொன்றை நோக்குவதாக எண்ணிக்கொள்வதும் உண்டு.

இக்காடாக்கம் பலகையை நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்டதன்று. மண்ணை மூடுவதே அதன் முதல் நோக்கம். எனினும் நடப்பட்ட மரம் வளர்ந்தே தீரும். வளர்ந்த மரத்தை என்ன செய்வது என்னும் வினாவும் எழுந்தே தீரும். அதற்கான விடையை முற்கூட்டியே ஆராயாது நட்டமையைத் திட்டமிட்டோரின் பெருங்குறையெனவே கொள்ளுதல் வேண்டும்.

பைன் பலகை இலேசில் அறுபடும், ஆணியை ஏற்கும், நன்கு காய்ந்தால் மேசை, அலுமாரி, கூரைப்பலகை ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஆனால் வெட்டியவுடன் உலர்த்தாவிடின் நீலக்கறைப் பூஞ்சணம் பற்றிக்கொள்ளும். மருந்தூட்டாத பலகையைக் கறையான் விட்டுவைப்பதில்லை. முதிரையையும் பாலையையும் தேக்கையும் பழகிய இலங்கைத் தச்சர் அதனைப் 'பெட்டி மரம்' என்று இகழ்ந்தமைக்கு இவையே காரணங்கள். 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்ட பின்னரே, 1968 முதல் இயங்கிவந்த அரச மரக் கூட்டுத்தாபனமும் தனியாரும் நடுகைக் காட்டின் மரத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கும் நிலை உருவாகிற்று.

பைனின் பிசின் மற்றொரு பயன். பட்டையைக் கீறிப் புண்ணாக்கி, அதன்கீழே பையையோ கிண்ணத்தையோ பொருத்தினால் ஒட்டும் தன்மையுள்ள பால் வடியும். அதனைக் காய்ச்சி வடித்தால் ஆவியாகி வருவது டர்பன்டைன் தைலம். எஞ்சுவது ரொசின் எனப்படும் திண்மம். முன்னது வர்ணப்பூச்சுக்கும் மெருகுக்கும் உதவுவது. பின்னது சவர்க்காரம், காகிதம், ஒட்டுப்பசை, பற்றாசு வேலை என்பவற்றுக்கும், வயலின் வில்லுக்கும்கூட வேண்டப்படுவது. வனத் திணைக்களத்தின் அனுமதியுடன் தனியார் நிறுவனங்கள் இலங்கையின் பைன் காடுகளில் இப்பிசினை எடுத்துவந்தன. இங்குச் சொல்வழக்கு ஒன்று கவனத்துக்குரியது. மலைநாட்டு மக்கள் 'டர்பன்டைன் மரம்' என்று சுட்டுவது பைனை அன்று, யூக்கலிப்டசையே. தைலத்தின் மணத்தால் நேர்ந்த மயக்கம்போலும். உண்மையில் டர்பன்டைன் தரும் மரமோ 'பைனஸ்' என்னும் தாவரவியற் பெயராலேயே தோட்டத்திலும் வழங்குகின்றது. பெயர் ஒருவருக்கும் பிசின் மற்றொருவருக்கும் ஆகியது.

பிசின் எடுத்தலின் சமூக விளைவுகளை அறிய இமயமலைச் சாரலை நோக்குதல் தகும். குமாவோன் பகுதியில் பிரித்தானிய வனத் திணைக்களம் சீர்ப் பைன் காடுகளை ஒதுக்கி, புகையிரதப் பாதையின் குறுக்குக் கட்டைகளுக்கும் பிசினுக்குமென அவற்றை நிருவகித்தது. அக்காடுகளில் மாடு மேய்த்தும் தழை வெட்டியும் புல்லுக்காகத் தீயிட்டும் வாழ்ந்த கிராமத்தவரின் உரிமைகள் சுருக்கப்பட்டன. 1921 இல் அம்மலைகள் பற்றியெரிந்தன. பிசின் சேமித்த கிடங்குகளும் தீக்கிரையாயின. பின்னர் 1973 இல் கார்வால் பகுதியில் மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ இயக்கத்துக்கும் இத்தகைய உரிமையிழப்பின் நீண்ட வரலாறு பின்னணியாக இருந்தது. குமாவோனின் குடியானவன் தன் காட்டை இழந்தவன். ஆதலால் அவனுக்குக் கேட்பதற்கு ஒரு பழைய உரிமை இருந்தது. நல்லதண்ணியின் தொழிலாளிக்கோ இழப்பதற்கும் உரிமை இருக்கவில்லை. அவன் குடியிருந்த லயம் தோட்டத்துக்குரியது. லயத்தின் பின்புறத்து மரமும் தோட்டத்துக்குரியது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாட்டுக்கே உரியவனல்லன் ஆக்கிற்று. 1970களின் தேசியமயத்தால் துரைத்தனம் கூட்டுத்தாபனங்களுக்குக் கைமாறியது. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் மீண்டது. மரம் யாருக்குரியது என்ற கேள்விக்கு இம்மாற்றங்களுள் எதுவும் தொழிலாளி சார்பான விடையை அளிக்கவில்லை.

அவனுடைய அன்றாட எரிபொருள் கவ்வாத்தின்போது கிடைக்கும் மிலாறு. தேயிலைச் செடியின் அக்காய்ந்த கிளைகளைத் தலைச்சுமையாகக் கட்டிவரும் பெண்களை மலைப்பாதைகளில் எக்காலமும் காணலாம். இந்த விறகுப் பஞ்சத்தை 1970களின் எண்ணெய் விலையேற்றம் மேலும் கடுமையாக்கிற்று. எண்ணெயால் இயங்கிய தேயிலை உலர்த்திகள் பல விறகுக்கு மாறியமையால், தொழிற்சாலையும் லயத்து அடுப்பும் ஒரே மரத்துக்குப் போட்டியிட்டன. அப்போட்டியிற் பைன் பெரிதும் கைகொடுக்கவில்லை. பிசினுள்ள விறகு விரைந்து எரிந்து கரும்புகை கக்கும். காற்றோட்டமற்ற லயத்து அறையில் அதனை எரிப்பது கண்ணுக்கும் மூச்சுக்கும் துன்பம். இலங்கைத் தேயிலையிற் புகைவாடை வீசினால் அது குற்றம். அதன் விலை வீழ்ந்துவிடும். சீனத்தின் பூஜியன் மாகாணத்து வூயி மலையிலோ பைன் விறகின் புகையில் வேண்டுமென்றே உலர்த்திய தேயிலை தனிச்சிறப்புடையதென மதிக்கப்படுகின்றது. ஓரிடத்துக் குற்றம் மற்றோரிடத்துக் குணமாதல் சுவைஞர் உலகின் நியதிபோலும்.

இனி, யாவற்றினும் கடுமையான வழக்கு நீரைப் பற்றியது. பைன் வந்தபின் ஊற்றுகள் வற்றின என்பது மலைநாட்டிலே சிங்களக் கிராமத்தாரும் தோட்டத் தமிழரும் ஒருமுகமாகக் கூறும் குற்றச்சாட்டு. தோட்டத்துக் குடிநீர் பெரும்பாலும் மேட்டு ஊற்றிலிருந்து குழாய் மூலம் இறங்கிப் பீலியில் வந்து விழுவது. பீலி மெலிந்தால் லயத்துப் பெண்களின் நாளே நீண்டுவிடும். எனவே அவர்களுடைய சாட்சியம் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. அறிவியலும் இதனை முற்றாக மறுக்கவில்லை. தென்னாபிரிக்காவின் யொங்கர்ஷூக் பள்ளத்தாக்கில் 1930களின் நடுப்பகுதியில் தொடங்கப்பட்ட நீண்டகால அளவீடுகள், குட்டையான இயற்கைத் தாவரத்தை அகற்றிப் பைன் நட்ட நீரேந்து நிலங்களில் ஓடைநீர் குறைந்தமையைத் தெளிவாகக் காட்டின. என்றும் பசுமையான ஊசியிலை மழைநீரின் ஒரு பங்கைத் தன்மீதே தாங்கி ஆவியாக்குகிறது. ஆழ்ந்த வேர் கோடையிலும் மண்ணின் ஈரத்தை இழுக்கிறது. புல்லிருந்த இடத்தில் எந்த மரத்தை அடர்த்தியாக நட்டாலும் இவ்விளைவு ஓரளவு நேரும். பைன் அதனை விரைவாகவும் நிரை நிரையாகவும் செய்தமையாற் பழி முழுவதும் அதன் தலைமேல் விழுந்தது.

தீயும் அவ்வாறே. மெதுவாகவே உக்கும் ஊசியிலைகள் தரையில் மெத்தைபோற் படிந்து, மாசி பங்குனி மாதத்து வறட்சியில் ஒரு தீப்பொறிக்குக் காத்துக்கிடக்கின்றன. கீழ்ச்செடி இன்றிக் கிடக்கும் சரிவில் மழைத்துளி கிளையிலிருந்து திரண்டு விழுந்து மண்ணை அரிப்பதும் உண்டு. மண்ணைக் காப்பதற்கென நட்ட மரத்தினடியில் மண் கழுவப்படுவதைவிட முரணானது வேறில்லை. எனினும் நீதியாக நோக்குமிடத்து ஒன்றைக் கூறியாக வேண்டும். பைன் நின்ற நிலங்கள் பலவற்றிற் காட்டை அழித்தது பைன் அன்று. கோப்பியும் தேயிலையும் அழித்தன. ஊற்றுகள் மெலிந்த கதை பைனுக்கு நூறாண்டு முன்னரே தொடங்கிவிட்டது. மஸ்கெலியா ஓயாவின் போக்கைத் திருப்பி, 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரத்தையே மூழ்கடித்தபோது, பள்ளத்தாக்கின் நீர் முழுவதும் மின்சாரத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் எச்சம் தலைகாட்டும். அக்காலத்தில் மக்கள் திரண்டு சென்று பார்த்து மீள்வர்.

1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் அனுப்பப்பட்ட குடும்பங்களுட் பல நீலகிரியில் மீண்டும் தேயிலைக்கே சென்றன. அவர்களைக் குடியமர்த்தும் பொருட்டுத் தமிழ்நாட்டு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் கழகமாக வளர்ந்தது. அங்கும் சோலைக் காடுகளுக்கு இடைப்பட்ட புல்வெளிகளில் வாட்டிலும் யூக்கலிப்டசும் பைனும் நடப்பட்டிருந்தன. மஸ்கெலியாவிலிருந்து புறப்பட்டுக் கோத்தகிரியிற் சென்று இறங்கிய ஒரு குடும்பம், கடல் கடந்தும் கண்முன் நின்றது அதே மரநிரை என்பதைக் கண்டிருக்கும். இரு நாட்டு வனத் துறைகளும் ஒரே பள்ளியிற் பயின்றவை. மலைப் புல்வெளியை வெறும் வெற்றிடமாகக் காணும் பார்வை அப்பள்ளியின் முதற்பாடம்.

தேயிலைப் பெட்டியின் கதை இதற்கிடையே முடிவுற்றது. 1980களிலும் 1990களிலும் ஒட்டுப்பலகைப் பெட்டியின் இடத்தைப் பல அடுக்குக் காகிதச் சாக்கு கைப்பற்றிற்று. கிராஃப்ட் எனப்படும் அவ்வலிய காகிதத்துக்கு நீண்ட நார் வேண்டும்; அந்நாரைத் தருவது பெரும்பாலும் பைன் முதலான ஊசியிலை மரமே. வைக்கோலை நம்பி 1956 இல் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலையும் நீள்நார்க் கூழை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் கலக்க வேண்டியிருந்தது. மோமிப் பலகையாக வந்து, பேர்ச்சு ஒட்டுப்பலகைக்கு இடங்கொடுத்து விலகிய ஊசியிலை மரம், ஒரு நூற்றாண்டு கழித்துக் காகிதமாகத் திரும்பிவந்து தேயிலையைச் சூழ்ந்துகொண்டது. மலையெங்கும் பைன் நின்றபோதும், தேயிலையைச் சுமக்கும் அக்காகிதம் அம்மரத்திலிருந்து பிறந்ததன்று.

எதிர்ப்பு வலுத்தமையால் 1990களிற் புதிய பைன் நடுகை ஏறக்குறைய நின்றுபோயிற்று. நின்ற மரங்களை என்ன செய்வது என்னும் வினாவுக்கு நம்பிக்கையூட்டும் விடையொன்று சிங்கராஜ வனத்தின் எல்லையிலிருந்து வந்தது. வனத்தைச் சூழ 1970களின் பிற்பகுதி தொட்டு நடப்பட்டிருந்த கரிபியப் பைன் காட்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளரான குணதிலக தம்பதியரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனும் 1991 முதல் ஒரு பரீட்சையை நடத்தினர். பைன் நிரைகளில் ஒன்றையோ மூன்றையோ வெட்டி ஒளிக்கு வழிவிட்டு, அவ்விடைவெளிகளில் மழைக்காட்டு மரங்களின் நாற்றுகளை நட்டனர். மூன்று நிரை அகற்றிய இடங்களில் அவை செழித்து வளர்ந்தன. வெறும் புல்நிலத்து வெயிலிற் கருகியிருக்கக்கூடிய நாற்றுகள் பைனின் நிழலையும் அது தணித்த வெப்பத்தையும் பயன்படுத்திக்கொண்டன. அந்நியனெனப் பழிக்கப்பட்ட மரம் செவிலித்தாயாயிற்று. வெட்டிய நிரைகளின் பலகையும், நின்றவற்றின் பிசினும் அவ்வேலைக்கான செலவின் ஒரு பகுதியை ஈட்டித்தரும்.

இம்முறையை மலைநாட்டுக்குக் கொணர்வதாயின் நாற்றுமேடைக்கு டூன் விதையும் கீன விதையும் வேண்டும். அவற்றைத் தரவல்ல தாய்மரங்கள் நல்லதண்ணிக்கு மேலே, 5,000 அடிக் கோட்டுக்கு அப்பாலுள்ள காட்டில் நிற்கின்றன. யாத்திரை முடிந்து கடைகள் கலைந்தபின், தென்மேற்குப் பருவ மழை அக்காட்டின்மேற் பொழிந்து, ஓடையாகித் தேயிலையைக் கடந்து, பீலியில் விழுந்து, மவுசாக்கலையை நிரப்புகின்றது.